‘நகரம்’ ‘நரகம்’ ஆவது எப்படி?

ஒரு சொல்லின் மேல் கண் நிற்கும் நேரம் ஏறத்தாழ கால் நொடிதான். அதற்குள் மூளை மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். தெரிவது என்ன எழுத்து? அது சொல்லில் எத்தனையாவது எழுத்து? அருகருகே நிற்கும் சொற்களில் எந்தச் சொல்லுக்கு அது உரியது? இந்த மூன்றும் தெளிந்த பிறகே எழுத்து ஒலியாகவும் பொருளாகவும் மாறத் தொடங்குகிறது. டிஸ்லெக்சியா என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் வாசிப்புக் குறைபாடு இந்தப் பாதையின் எந்த இடத்திலும் நேரலாம். நேரும் இடத்தைப் பொறுத்துப் பிழையின் உருவமும் மாறும். இரண்டு குழந்தைகள் ஒரே பத்தியைத் தடுமாறி வாசித்தாலும் அவர்களுக்குள் நடப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் எத்தனை பிழை என்று எண்ணுவதைக் காட்டிலும், என்ன பிழை என்று பார்ப்பதே முக்கியமாகிறது.

பள்ளிக் குழந்தைகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருப்பதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்பார்வையிலும் கோளாறு இருக்காது.

‘டிஸ்லெக்சியா’ என்ற பெயரை 1887இல் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின். மூளையில் அடிபட்டு வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். எந்த அடியும் படாமல், பிறவியிலேயே இப்படி ஒரு நிலை இருக்கக்கூடும் என்பதை 1896இல் மருத்துவ இதழில் எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன். அவர் விவரித்த 14 வயதுச் சிறுவன் கணக்கில் தேர்ந்தவன், பேச்சில் கெட்டிக்காரன், எண்களைத் தடையின்றி வாசிப்பவன். ஆனால் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. தன் பெயரை எழுதும்போதே நடுவிலிருந்த இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டிக்காட்டிய பிறகே அதைக் கவனித்தான். இந்தச் சிறு குறிப்பின் பொருள் நூறாண்டுகளுக்குப் பிறகுதான் முழுமையாகப் புரிந்தது.

இடையில் ஆய்வுலகம் வேறு திசையில் சென்றது. 1925இல் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், மூளையின் இரண்டு அரைக்கோளங்களும் எழுத்துகளை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகப் பதித்துக்கொள்கின்றன, இவற்றில் எதுவும் மேலோங்காதபோது குழந்தை குழம்புகிறது என்று கருதினார். ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றிப் படிப்பதுதான் டிஸ்லெக்சியா என்ற நம்பிக்கை அன்று வேரூன்றியது, இன்றும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். இந்த நம்பிக்கை பெருமளவு தவறானது. எழுதப் பழகும் வயதில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் எழுத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். ஒரு பூனை இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் அதே பூனைதான் என்று கொள்வது மூளையின் இயல்பு. எழுத்துக்கு மட்டும் அந்த இயல்பைக் கைவிட மூளை பழக வேண்டியிருக்கிறது. 1970களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ இதைச் சோதித்துப் பார்த்தார். ஆங்கிலச் சொற்களைத் தவறாகப் படித்த குழந்தைகள் அதே சொற்களைப் பார்த்து எழுதும்போது சரியாகவே எழுதினார்கள். யாருக்கும் பழக்கமில்லாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, நன்றாக வாசிக்கும் குழந்தைகளுக்கு அவர்கள் சற்றும் குறைந்தவர்களாக இல்லை. உருவம் கண்ணுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. அந்த உருவத்துக்கு உரிய பெயரும் ஒலியும்தான் வரவில்லை.

கண்ணாடிப் பிம்ப விஷயத்தில் தமிழோடு நேரடித் தொடர்புள்ள ஆய்வு ஒன்றும் உண்டு. இடவலமாகத் திருப்பினால் இன்னொரு எழுத்தாகிவிடும் இணைகள் தமிழில் இல்லை. மொழியியலாளர் எரிக் பீடர்சன் எழுத்தறியாதவர்கள், தமிழ் மட்டும் படித்தவர்கள், தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர்கள் ஆகிய மூன்று வகைத் தமிழரிடம் உருவங்களைக் காட்டிச் சோதித்து, முடிவுகளை 2003இல் வெளியிட்டார். பிம்பத்தையும் அசலையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்து அறிந்தவர்களே. தமிழ் மட்டும் படித்தவர்கள் இதில் எழுத்தறியாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எழுத்தைத் திருப்புவது குறைபாட்டின் அடையாளம் அல்ல, கற்ற எழுத்துமுறை தரும் பயிற்சியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எழுத்தின் உருவம் சரியாகத் தெரிந்தும் சொல் தவறுவதற்கு முதல் காரணம் இடக்குழப்பம். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் நாமா ஃபிரீட்மன் 2000களின் தொடக்கத்திலிருந்து இதை விரிவாக ஆராய்ந்து வருகிறார். எழுத்து இடக் குறைபாடு உள்ள குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் சரியாக அடையாளம் காணும். ஆனால் அது எத்தனையாவது எழுத்து என்பது மட்டும் நழுவிப்போகும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், நடுவில் நிற்பவையே இடம் மாறும். ‘நகரம்’ என்பதை ‘நரகம்’ என்று வாசிப்பது இத்தகைய பிழை. ஓரத்து எழுத்துகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே அண்டை எழுத்து உண்டு, நடு எழுத்துகள் இருபுறமும் நெருக்கப்படுகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம்.

இந்த வகை இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் மொழி. ஹீப்ருவில் உயிர் ஒலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, எழுதப்படுபவை மெய்களே. ஆகவே நடுவில் இரண்டு எழுத்துகளை மாற்றினால் இன்னொரு சொல் கிடைத்துவிடும், குழந்தையும் தயங்காமல் அதையே படித்துவிடும். ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுத்தை மாற்றினால் பெரும்பாலும் பொருளற்ற கூட்டமே மிஞ்சும். குழந்தை ஒரு கணம் திகைத்து, ஊகித்து, சரியான சொல்லையே சொல்லிவிடும். கேட்பவருக்குக் குறை தெரியாது. மெதுவாக வாசிக்கும் பிள்ளை என்ற பெயர் மட்டும் நிலைக்கும். மாற்றினாலும் பொருள் தரும் சொற்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால்தான் குறை வெளிப்படும். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஆங்கிலக் குழந்தைகளிடம் அப்படித்தான் கண்டார்கள். கொழகொழப்பைக் குறிக்கும் ‘ஸ்லைம்’ என்ற சொல்லை அந்தக் குழந்தைகள் புன்னகையைக் குறிக்கும் ‘ஸ்மைல்’ என்று வாசித்தார்கள். அரபு மொழி இன்னொரு கோணத்தைக் காட்டியது. அங்கே எழுத்தின் வடிவம் அது சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். இடம் மாறினால் வடிவமும் மாற வேண்டியிருக்கும் எழுத்துகளில் குழந்தைகள் அரிதாகவே பிழை செய்தார்கள். எண்களை வாசிக்கும்போதும் இவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. மார்கன் கண்ட சிறுவனை நினைத்துப் பார்த்தால் இது வியப்பளிக்காது.

அடுத்த வகையில் எழுத்து தன் வரிசை எண்ணை மறப்பதில்லை, தன் சொல்லை மறந்துவிடுகிறது. ‘மரம்’, ‘கடல்’ என்ற இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ‘கரம்’, ‘மடல்’ என்று வாய் சொல்லும். முதல் எழுத்து முதல் இடத்துக்கே போகிறது, ஆனால் அடுத்த சொல்லின் முதல் இடத்துக்கு. மேல் வரியிலும் கீழ் வரியிலும் இருக்கும் சொற்களிலிருந்துகூட எழுத்துகள் வந்து சேரும். இதைக் கவனம் சார்ந்த டிஸ்லெக்சியா என்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்களிடம் இதை 1977இல் விவரித்தவர்கள் பிரிட்டனின் டிம் ஷாலிஸ், எலிசபெத் வாரிங்டன் இருவரும். பெயரைக் கண்டு, ஓரிடத்தில் உட்காராத, கவனம் சிதறும் குழந்தைகளுக்கு வருவது என்று எண்ணிவிடக் கூடாது. கவனக்குறைபாடு உள்ள பல குழந்தைகளுக்கு இந்த வாசிப்புப் பிழை இல்லை. இந்தப் பிழை உள்ள பலருக்குக் கவனக்குறைபாடு இல்லை. தனிச் சொல்லாகக் கொடுத்தால் இவர்கள் சரியாகப் படிப்பார்கள். அதனால் அட்டையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டிச் சோதிக்கும் ஆசிரியருக்கு எந்தக் குறையும் தென்படாது. அதே குழந்தை பாடப்புத்தகத்தைத் திறந்தால் திணறும்.

சொல்லின் ஒரு பக்கத்தை, பெரும்பாலும் இடப்பக்கத்தை, மூளை விட்டுவிடுவதும் உண்டு. ‘கவலை’ என்பது ‘வலை’ ஆகிவிடும். தமிழில் இடப்பக்கம் சொல்லின் தொடக்கம். வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவில் இதே குறைபாடு சொல்லின் கடைசி எழுத்துகளைத் தின்றுவிடுகிறது. எழுத்தையே அடையாளம் காண முடியாத வகை அரிது.

மேலே சொன்னவை எல்லாம் எழுத்து ஒலியாக மாறுவதற்கு முன் நிகழ்பவை. அதற்குப் பிந்தைய தடைகளைப் புரிந்துகொள்ள, சொல்லை வாசிக்க மூளைக்கு இரண்டு வழிகள் இருப்பதை அறிய வேண்டும். ஒன்று, எழுத்தை ஒலியாக மாற்றி ஒலிகளைக் கூட்டிப் படிப்பது; முன்பின் கேள்விப்படாத ஊர்ப்பெயரையோ மருந்தின் பெயரையோ இப்படித்தான் படிக்கிறோம். மற்றொன்று, பலமுறை பார்த்துப் பழகிய சொல்லை முழுதாக அடையாளம் கண்டு நினைவிலிருந்து எடுப்பது. 1973இல் ஜான் மார்ஷல், ஃபிரெடா நியூகோம்ப் ஆகியோர் மூளைக் காயம்பட்டவர்களின் வாசிப்புப் பிழைகளைப் பிரித்துப் பார்த்தபோது, இந்த இரண்டில் ஒன்று பழுதாகி மற்றொன்று எஞ்சியிருக்கலாம் என்பது புலப்பட்டது. குழந்தைகளிடமும் அப்படி உண்டா என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆன் காசில்ஸ், மேக்ஸ் கோல்ட்ஹார்ட் இருவரும் 1993இல் சோதித்தார்கள். வாசிப்புக் குறைபாடுள்ள 53 சிறுவர்களுக்கு இரண்டு வகைச் சொற்பட்டியல்கள் தரப்பட்டன. ஒன்றில், எழுத்துக்கூட்டினால் தவறாகிவிடும் ஆங்கிலச் சொற்கள். மற்றதில், பொருளே இல்லாத, எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கக்கூடிய போலிச் சொற்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரு பட்டியலை வயதுக்கேற்பப் படித்து, மற்றொன்றில் மட்டும் மிகவும் பின்தங்கினார்கள்.

போலிச் சொற்களில் தோற்பவர்களுக்கு ஒலிசார் டிஸ்லெக்சியா. தெரிந்த சொல்லைப் படித்துவிடுவார்கள், புதிய சொல் வந்தால் அதைப்போலத் தோன்றும் பழகிய சொல் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு வரை இவர்களுடைய குறை பெரிதாகத் தெரியாமல் போவதுண்டு. அறிவியலும் வரலாறும் புதுப்புதுச் சொற்களோடு வரும்போதுதான் சிக்கல் வெளிப்படும். முதல் பட்டியலில் தோற்பவர்கள் நேர்மாறானவர்கள். எதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் சொல்லின் முழு உருவம் மனத்தில் பதியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் கூட்டுவார்கள். இதை மேற்பரப்பு டிஸ்லெக்சியா என்பார்கள். தீவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்காத ‘எஸ்’ எழுத்தையும் ஒலித்து ‘இஸ்லண்ட்’ என்பார்கள். இரண்டு வழிகளும் பழுதாகிப் பொருளின் வழியாக மட்டுமே சொல்லை அடையும் ஆழ்நிலை வகையும் உண்டு. எலுமிச்சை என்று எழுதியிருப்பதை ஆரஞ்சு என்று வாசிப்பது அதன் அடையாளம். குழந்தைகளிடம் இது அபூர்வம்.

இவற்றில் பரவலாகக் காணப்படுவது ஒலி சார்ந்த இடர்ப்பாடு. அதன் வேர் எழுத்தில் இல்லை, பேச்சொலியில் இருக்கிறது. ‘கல்’ என்ற சொல்லில் முதல் ஒலியை நீக்கினால் என்ன மிஞ்சும், ‘பல்’லோடு ஒத்து ஒலிப்பது எது என்பன போன்ற கேள்விகளுக்கு இந்தக் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். ஒலியைத் துண்டாக்கிப் பார்க்கத் தெரியாதபோது, எந்தத் துண்டுக்கு எந்த எழுத்து என்று பொருத்துவது கடினமாகிறது. 1983இல் இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும், படிக்கத் தொடங்குமுன் குழந்தைகளுக்கு இருந்த ஒலியுணர்வு பின்னாளைய வாசிப்போடு தொடர்புடையது என்று காட்டியது இத்துறையின் திருப்புமுனை. மேரியான் உல்ஃப், பட்ரீசியா பவர்ஸ் இருவரும் 1999இல் இதோடு வேகத்தையும் சேர்த்தார்கள். நிறங்களையும் எழுத்துகளையும் வரிசையாகக் காட்டி விரைந்து பெயர் சொல்லச் சொன்னால் சில குழந்தைகள் மிகவும் பின்தங்குகிறார்கள். ஒலியுணர்வும் வேகமும் சேர்ந்து குறைந்தவர்களுக்கே வாசிப்பு மிகக் கடினமாக இருக்கிறது.

இந்த அறிவில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையைப் படம்பிடித்து 2001இல் வெளியான ஆய்வில் மூவரிடமும் இடப்பக்க மூளையின் ஒரே பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுள்ள இத்தாலியத்தை வாசித்தவர்களின் பிழைகள் மிகக் குறைவு. மூளையில் தடை ஒன்றாக இருந்தாலும் எழுத்துமுறை அதை மறைக்கலாம், பெரிதாக்கலாம்.

தமிழ் இந்த இரண்டையும் செய்கிறது. எழுத்துக்கூட்டுவோருக்கு அது துணை நிற்கும், எழுதியபடியே ஏறத்தாழ வாசிக்கலாம். ஆனால் முழுமையாக அல்ல. ‘குடம்’, ‘குணம்’ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. எது எப்படி ஒலிக்கும் என்பதை எழுத்து சொல்வதில்லை, சொல்லை அறிந்திருந்தால்தான் தெரியும். ‘அரை’, ‘அறை’ என்ற இரண்டையும் அன்றாடப் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும் வீட்டில், உட்காரும் அறை எது என்பதை உருவ நினைவுதான் சொல்ல வேண்டும். மேற்பரப்பு வகைக் குழந்தை தமிழை வாசிக்கும்போது பிடிபடாமல் தப்பிவிடலாம், ஆனால் வேகமும் எழுத்துப்பிழையும் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தின் எண்ணிக்கை வேறொரு சுமை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூட்டினால் 247. பெரும்பாலானவற்றை அடிப்படை வடிவங்களிலிருந்து அமைத்துக்கொள்ளலாம் என்றாலும் ‘கு’, ‘சு’, ‘து’ என்று உகர வரிசை எழுத்தைப் பொறுத்து வெவ்வேறு உருவம் எடுக்கிறது. ‘கெ’யில் குறி எழுத்துக்கு முன்னே நிற்கிறது, ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. ஒலியிலோ மெய்தான் முதலில், உயிர் பிறகு. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் முரண்படும் இந்த இடம் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குக் கடினமானதாகவே இருக்கும். இந்தியில் இப்படிக் குறி முன்னே நிற்கும் சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதை ஜோத்ஸ்னா வைத், ஆசும் குப்தா இருவரும் 2002இல் பதிவு செய்தார்கள். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறியின் பாதி ‘ள’ போலவே இருப்பதும், துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோல் தோன்றுவதும் இன்னும் சில இடறல்கள். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்த வகை எழுத்துகளை முழுதாகக் கற்க ஆங்கில எழுத்துகளைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக ஆகின்றன, நான்காம் வகுப்பிலும் கற்றல் முடிவதில்லை என்று 2007இல் காட்டினார். இரண்டாம் வகுப்பில் உயிர்மெய்யில் தடுமாறும் தமிழ்க் குழந்தையை அவசரப்பட்டுக் குறைபாடுள்ளதாக முத்திரை குத்தக் கூடாது என்பதற்கு இது வலுவான காரணம்.

வகைகளின் எல்லை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனி வகைகள் என்று பிரிக்க ஒன்றுமில்லை, ஒரே திறன் குறைவு வெவ்வேறு அளவில் வெளிப்படுகிறது என்பது ஒரு தரப்பு. மேற்பரப்பு வகைக் குழந்தைகளின் வாசிப்பு, குறைபாடில்லாத சிறு வயதுக் குழந்தைகளின் வாசிப்பைப் போலவே இருப்பதால் அதைத் தாமதம் என்று கொள்ளலாம் என்பதும் 1990களில் முன்வைக்கப்பட்டது. ஒரே குழந்தையிடம் இரண்டு வகைகள் கலந்திருப்பதும் சாதாரணம். ஆயினும் ‘நகரம்’ ‘நரகம்’ ஆகும் குழந்தைக்கும், புதுச்சொல்லைக் கண்டு ஊகிக்கும் குழந்தைக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது வீண் வேலை என்பதில் ஐயமில்லை.

பிழைக்கேற்ற உதவி எளியதாகவே இருக்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று கலப்பவர்களுக்கு, ஒரு சொல் மட்டும் தெரியும்படி நடுவில் துளையிட்ட அட்டை போதும். அதை வரியின்மேல் நகர்த்தி வாசித்தால் கலப்பு வெகுவாகக் குறைகிறது. எழுத்து இடம் மாறுபவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டு வாசிக்கச் சொல்வது பயனளித்திருக்கிறது. வளர்ந்த பிள்ளை விரல் வைத்துப் படிக்கக் கூடாது என்று கண்டிக்கும் வழக்கம் இவர்களிடமிருந்து நல்லதொரு கருவியைப் பறித்துவிடுகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் பிழைகள் குறைவதாக, இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை மார்கோ சோர்சி குழுவினர் 2012இல் வெளியிட்டனர். ஒலிசார் வகைக்கு ஒலியைப் பிரித்து, சேர்த்து, எழுத்தோடு பொருத்தும் முறையான பயிற்சி தேவை. மேற்பரப்பு வகைக்கு அதே பயிற்சியைத் திரும்பத் தருவதால் பயனில்லை, குறிப்பிட்ட சொற்களைப் பல சூழல்களில் திரும்பத் திரும்பக் காட்டிப் பதியவைக்க வேண்டும். வாசிப்புக்கு உதவும் என்று சொல்லப்படும் வண்ணக் கண்ணாடிகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009இல் கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து அறிவித்தது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது. மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்கான சோதனைத் தொகுப்பை 2015இல் வெளியிட்டது. தமிழுக்கான சோதனைப் பட்டியல் எதுவானாலும் அதில் போலிச் சொற்கள், ‘குடம்–குணம்’ போன்ற இணைகள், இடம் மாறினாலும் பொருள் தரும் சொற்கள், பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட சொல் இணைகள் ஆகிய நான்கும் இருந்தால்தான் வகை புலப்படும். தேர்வுச் சலுகைகளையும் அதன்படியே தீர்மானிக்க வேண்டும். மெல்லக் கூட்டி வாசிக்கும் மாணவருக்குக் கூடுதல் நேரம் உதவும். எழுத்து இடம் மாறும் மாணவர், மாறிக் கிடைப்பதும் பொருள் தரும் சொல்லாக இருந்தால், தான் தவறாகப் படித்ததை அறிவதே இல்லை என்பதால் கூடுதல் நேரம் மட்டும் அவருக்குப் போதாது. வினாத்தாளை ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும்.